இருபது படங்கள் மட்டும்

ஒரு படத்துக்கு என்ன விலை சொல்வது என்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. மூன்று வருடம் படித்தேன். வண்ணங்களைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள், எழுத்துருக்களின் வரலாற்றைச் சொல்லித் தந்தார்கள், கடைசி நாள் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். விலை மட்டும் பேசக் கூடாத விஷயம் போல. கூடப் படித்தவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் எதையாவது விற்றுப் பழகிய ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை விற்றது உடம்பின் உழைப்பை மட்டும்தான். அதற்கு விலை சொல்வது வாங்குகிறவர்.

முதலிலிருந்து, மெதுவாகச் சொல் என்றீர்கள், மேடம். அதனால்தான் விலையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அம்மா, நான், தங்கை, மூன்று பேர். அட்டைப்பெட்டிப் பட்டறைக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பட்டறையின் தகரக் கூரைதான் தெரியும். அம்மா அங்கே பதினாறு வருடமாகப் பசை மேசையில் இருக்கிறாள். இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலை வந்தபோது அம்மா என்னைப் படிக்க அனுப்பினாள். மூத்தவள் என்பதால். நன்றாக வரைகிறவள் என்பதால் இல்லை. இதை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை, தங்கை ஒருநாளும் கேட்டதில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன். பள்ளியை விட்ட தங்கை பட்டறையில் வெட்டு மிஷினில் உட்கார்ந்தாள். பட்டம் வாங்கிய நானும் கடைசியில் அதே பட்டறைக்குத்தான் வந்தேன். ஒரே வித்தியாசம், எனக்கு அலுவலக அறையில் நாற்காலி. பில் போடுவது, லேபிள் வடிவமைப்பது, முதலாளிக்குத் தோன்றுவது எல்லாம் என் வேலை.

வேலை முடிந்து வந்து வரைந்தேன். விற்கவும் பார்த்தேன். முதலில் மணிக்கணக்கு வைத்து விலை சொன்னேன். ஒரு கடைக்காரர் தன் கடைக்குச் சின்னம் வரையச் சொல்லி, ஒன்பது தடவை மாற்றச் சொல்லி, கடைசியில், "ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவாம்மா? என் கடைல மாட்டினா உனக்கும் விளம்பரந்தானே?" என்றார். அவர் கடைச் சாமானை விளம்பரத்துக்காக எனக்குச் சும்மா தருவாரா என்று கேட்டேன். பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

அடுத்து, வேலைக்கு ஏலம் கேட்கும் தளங்கள். நான் நூறு என்றால் எங்கோ ஒருவன் நாற்பது என்பான். அவனுக்குக் கீழே ஒருத்தி பத்து என்று சொல்லி, திருத்தங்கள் இலவசம் என்றும் எழுதியிருப்பாள். அடிமாட்டு விலை. அதற்கப்புறம் லட்சக்கணக்கான படங்களை மலை போல் குவித்துவைத்திருக்கும் பெரிய தளம் ஒன்று. நூற்றிருபது படம் ஏற்றினேன். ஒன்று விற்றது. தளத்தின் பங்கு போக வந்தது ஒரு டீக்குக் காணாது. கோப்பையிலும் சட்டையிலும் அச்சடித்து விற்கும் தளத்தில் சட்டைக்காரனுக்கு லாபம். சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கினேன். முதல் மாதம் பதினோரு பேர் வந்து பார்த்திருந்தார்கள். அதில் ஏழு பேர் நான், அலுவலகக் கணினியிலிருந்து.

என் படங்கள் மோசமில்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தங்கையும் வரைவாள். பழைய போனில், வலது கை ஆள்காட்டி விரலால். சாப்பாட்டு இடைவேளையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவாள். மூக்கு, காது என்று தனித்தனியாக வரைவதில்லை. அந்த ஆள் களைத்திருக்கிற விதத்தை வரைவாள். முடித்ததும் அவர்களுக்கே அனுப்பிவிடுவாள். பட்டறையில் அத்தனை பேர் போனையும் திறந்தால் முதலில் தெரிவது அவள் வரைந்த முகம்தான். லோடு ஏற்ற வருகிறவருக்குக்கூட ஒன்று உண்டு. அத்தனையும் சும்மா. வாரி இறைத்தாள்.

அம்மா பசை மேசையில் குனிந்திருக்கிற படம் ஒன்று அவள் போனில் இருந்தது. அதை எடுத்து, ஓரத்தைச் சுத்தம் செய்து, நிறத்தைக் கொஞ்சம் அடக்கி, என் பக்கத்தில் என் பெயரில் போட்டேன். இரண்டாவது நாள் விற்றது. விலையை யோசிக்காமல் என் ஒரு மாதச் சம்பளம் என்று போட்டிருந்தேன். வாங்கியவர் பேரம் பேசவில்லை.

தங்கையிடம் சொன்னேன். மறைக்கவில்லை.

"என் பேர்லதான் போட்டிருக்கேன். கணக்கு என் பேர்ல இருக்கு, படிச்ச விவரமெல்லாம் கேக்குறாங்க."

"போட்டுக்கோக்கா. எனக்கென்ன? அம்மா மூஞ்சிக்குக் காசு குடுக்கறாங்கன்னா முதல்ல அம்மாகிட்ட சொல்லு, நாளைலேருந்து பவுடர் போட்டுக்கிட்டுப் போவா."

இன்னும் நான்கு விற்ற பிறகு ஒரு தளத்திலிருந்து அழைப்பு வந்தது. அது யார் வேண்டுமானாலும் கடை போடும் தளம் இல்லை. அவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வு செய்யும் அம்மாள் போனில் பேசினார். வெண்ணெய் தடவிய குரல். அந்த ஒரு உரையாடலில் கற்றதை மூன்று வருடக் கல்லூரியில் நான் கற்கவில்லை.

"டிஜிட்டல் படத்துக்குன்னு தானா ஒரு விலை கிடையாதும்மா. ஆயிரம் நகல் எடுத்தாலும் அது தேயாது. அப்புறம் எதுக்கு ஒருத்தர் காசு குடுக்கணும்? நாம எங்க நிறுத்துறமோ, அங்கதான் விலை ஆரம்பிக்குது."

ஒப்பந்தம் எளிது. ஒரே பாணியில் இருபது படங்கள். ஒவ்வொன்றும் ஒருவருக்கு மட்டும். இந்தப் பாணியில் இருபத்தொன்றாவது படம் எங்கேயும், சும்மாவும்கூட, வரக் கூடாது. வரிசை முடிந்தது என்று அவர்கள் சான்று கொடுத்ததும் மொத்தப் பணமும் கைக்கு வரும். கையெழுத்துப் போட்டேன். பழையதும் புதியதுமாகத் தங்கையின் படங்கள் பத்தொன்பதைத் தேர்ந்தெடுத்தேன். இருபதாவது என்னுடையது. பாணியைப் பிடித்து நான் வரைந்தது. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமானது. நான்கு படி ஏறினால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பசை நெடிலேருந்து அவங்கள வெளிய கொண்டு வாங்க. இப்படியே உக்காந்திருந்தா ரெண்டு வருஷம் தாங்கறதே கஷ்டம்" என்றார். இரண்டு அறையும் காற்றோட்டமும் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்தேன். தரைத்தளம், ஏற வேண்டிய படியே இல்லை. வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னார். அந்த இருபது படங்களைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். நிறைய.

அப்போதுதான் தேர்வு அம்மாள் மறுபடி அழைத்தார். குரலில் வெண்ணெய் இல்லை. படம் வாங்கிய ஒருவர், அதே கை வரைந்த முகங்களை யாரோ ஒரு பெட்டிக் கம்பெனித் தொழிலாளியின் இணையப் பக்கத்தில் சும்மா கிடக்கப் பார்த்திருக்கிறார். பதினான்கு நாளில் இது நின்றாக வேண்டும், இல்லையென்றால் வரிசை ரத்து, விற்றதற்கும் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றார்.

தங்கை மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

"இனிமே யாருக்கும் சும்மா வரைஞ்சு குடுக்காதடி."

"ஏன்க்கா, போன்ல மை தீந்துடுமா?"

"விளையாடாத. விலை போயிடும்."

"யாரோட விலை?"

"நம்ம படத்தோட விலை."

"நம்ம படம்." அவள் சிரித்தாள். குத்தலாக இல்லை, சும்மாதான். அது இன்னும் மோசம். "சரி விடு, நிறுத்திடறேன். பேக்கிங்ல இருக்கற அக்காவோட பொண்ணுக்குப் பொறந்தநாள், அதுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிட்டேன்."

"ஒண்ணுகூட வேணாம். ஒரு வருஷம் வரையாம இரேன், எனக்காக. அம்மாவுக்காக."

"அம்மாவுக்குன்னா இருக்கேன்க்கா. ஆனா கை சும்மா இருக்காதே. நான் எங்கியோ பாத்துட்டிருப்பேன், அது பாட்டுக்கு வரைஞ்சுட்டிருக்கும்."

ஐந்தாவது நாள் பேக்கிங் அக்கா என் மேசைக்கு வந்து மகளின் படத்தைக் காட்டினாள். ஏழாவது நாள் தண்ணீர் கேன் போடுகிறவர் காட்டினார். தங்கை என்னிடம் பொய் சொல்லவில்லை, மேடம். அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு ஒரு கோட்டுக்கு உயிர் போகிறது. அவளுக்கு வரைந்ததே மறந்துபோகிறது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது? நான் கோபப்படவில்லை. அவள் சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காது.

இப்போது அந்த மிஷினைப் பற்றி. அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டுவது அது. தட்டில் அட்டையை வைத்து இரண்டு பக்கமும் இருக்கிற பட்டன்களை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் கத்திப் பலகை இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வெட்டியதும் தங்கை இடது கையால் புது அட்டையை வைத்து, வலது கையால் வெட்டியதை எடுப்பாள். அந்த வாரம் மிஷினில் ஒரு கோளாறு. பட்டனை விட்ட பிறகும் எப்போதாவது ஒரு தடவை தானாக இறங்கியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, உதிரி பாகம் வரும் வரை தொடக்கூடாது என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். அதன் மேல் எச்சரிக்கை அட்டையை மாட்டியது நான்.

அந்த அட்டையை வரைந்ததும் நான்தான். பட்டறையில் சேர்ந்த முதல் வாரம், முதலாளி சொல்லி வரைந்தது. சிவப்பில் ஒரு கை, கீழே "ஓட்டாதே". அதற்குத் தனியாகக் கூலி தரவில்லை. அவசரத்தில் கட்டைவிரலைத் தப்பாகப் போட்டுவிட்டேன். மணிக்கட்டுப் பக்கமிருந்து கிளம்ப வேண்டியது, மேலே ஆள்காட்டி விரலை ஒட்டி முளைத்திருந்தது. ஐந்தும் ஒரே வரிசை. தங்கை பார்த்த அன்றே, "அக்கா, இது கை இல்ல, வாழைப்பழச் சீப்பு" என்றாள். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். "சீப்பு மாட்டியிருக்கு, கிட்ட போகாத" என்பார்கள். முதலாளிகூட. பட்டம் வாங்கியவள் வரைந்த முதல் படம், இரண்டு வருடம் எல்லோருக்கும் பொழுதுபோக்கு.

பதினோராவது நாள் காலை. முதலாளி வெளியூர். சூப்பர்வைசர் லாரிப் பக்கம் நின்றிருந்தார். அவசர ஆர்டர் ஒன்று இருந்தது. நான் போய் அட்டையைக் கழற்றி இரண்டாக மடித்துப் பையில் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். தங்கை பசை மேசையில் அம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்தாள்.

"மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டார்டி. மிஷின் ஓட்டலாம்."

"சீப்பக் கழட்டிட்டியா?"

"கழட்டியாச்சு."

"அப்பாடா. நாலு நாளா இந்த நெடில தும்மித் தும்மியே பாதி உசுரு போச்சு. அம்மா எப்படித்தான் பதினாறு வருஷம் உக்காந்தாளோ." எழுந்து துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு போனாள். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனாள்.

நான் அலுவலக அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வெட்டு மிஷினின் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். நாற்பத்தொன்றாவது அடியில் சத்தம் மாறியது. எழுந்து போய் நிறுத்தச் சொல்ல எனக்கு நாற்பது வாய்ப்பு இருந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எதையும் மறைக்கிறவள் இல்லை நான்.

ஒரு விரல் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். வரைகிற விரல். ஓர் அடிபட்டால் ஒரு வருடம் ஓய்வு, அவ்வளவுதான். நான்கு விரல்கள் போகும் என்பது நான் போட்ட கணக்கில் இல்லை. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அம்மா ஓடியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான்கு படி ஏற முடியாதவள், பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓடினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்தேன். நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. மாட்டியே இருந்த அட்டையில் மடிப்பு இருக்காது. எனவே புதிதாக ஒன்று அச்சடிக்க வேண்டியிருந்தது. கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

இங்கேதான் நான் செய்த ஒரே தவறு.

போலீஸ் வரும், இதைப் படம் எடுக்கும், இன்ஸ்பெக்டர் பார்ப்பார், ஒருவேளை பத்திரிகையில் வரும். அந்தக் கட்டைவிரல் அப்படியே இருந்தது. என்னால் அதை அப்படி வெளியே அனுப்ப முடியவில்லை, மேடம். வரைகிறவர்களுக்குத்தான் இது புரியும். கட்டைவிரலை இறக்கி மணிக்கட்டருகே வைத்தேன், சதைமேட்டை வளைத்தேன், மற்ற விரல்களுக்கு நீளம் ஏற்றி இறக்கினேன். ஒன்பது நிமிடம். நன்றாக வந்தது. அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவிட்சை அணைத்து, அதன் மேல் மாட்டினேன். எல்லோரும் ஆம்புலன்ஸைச் சுற்றி நின்றார்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன், அது அலுவலக வேலை. எச்சரிக்கை அட்டையை மீறி ஓட்டியதாக எழுதினேன். ஓட்டச் சொன்னது நான் என்று தங்கையோ அம்மாவோ யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி, "அட்டை தொங்குது, அதையும் தாண்டி ஓட்டியிருக்கா, நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கையை விரித்தார். நஷ்ட ஈடு கிடையாது என்று ஆனது. பரவாயில்லை, அவளுக்கு நான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

அன்றே தளத்துக்கு எழுதினேன். விபத்து, இனி இந்த வரிசையில் படம் வராது என்று. தேர்வு அம்மாள் உருகிப்போனார். கட்டுப்போட்ட கையின் புகைப்படம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அனுப்பினேன். கையில் யார் பெயரும் எழுதியிருக்காது. மீதமிருந்த படங்களின் விலையை அவரே இரண்டு மடங்காக்கினார். மூன்று நாளில் தீர்ந்தன. இருபதாவது மட்டும் நிற்கிறது. சந்தை கொஞ்சம் மந்தம் என்கிறார்கள்.

பணம் வந்தது. வீட்டைப் பிடித்துவிட்டேன். சாவி என் பையில்தான் இருந்தது, இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அம்மா அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். இன்றைக்கும் பசை மேசைக்குத்தான் போயிருக்கிறாள். அது அவள் பிடிவாதம். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கேஸை முடிக்கும் முன் தங்கையிடம் சுவிட்சில் தொங்கிய அட்டையின் புகைப்படத்தைக் காட்டி, இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது சீப்பு இல்லையே மேடம், இது கை" என்றாளாம். பட்டறையில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் கண்ணுக்குத்தான் தெரிந்தது. கோப்பை எந்த நேரத்தில் சேமித்தேன் என்பதை நீங்கள் கணினியில் பார்த்தீர்கள். நான் மறுக்கவில்லை. அட்டையைக் கழற்றியது நான். சுவிட்சைப் போட்டது நான். தெரிந்துதான் அவளை உட்காரவைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவள் "நல்லா வந்திருக்குக்கா" என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னீர்கள். அந்தக் கட்டைவிரலைப் பற்றித்தான் என்று புரிந்துகொண்டேன். வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு நீங்கள் அடுத்த தாளை எடுத்து வைத்தீர்கள்.

மேசையில் உங்கள் போன் ஒளிர்ந்தபோது கவனித்தேன். அதில் உங்கள் முகம் இருக்கிறது. இடது கையால் போட்டிருக்கிறாள். கோடு நடுங்குகிறது, ஆனால் அந்த நடுக்கம் நீங்கள் தூங்காமல் இருப்பதைக் காட்டுகிறது. முன்பு அவள் வரைந்ததைவிட நன்றாக இருக்கிறது. இது வேறு பாணி, பழைய ஒப்பந்தம் இதைக் கட்டுப்படுத்தாது. நர்சுகளுக்கும் வரைந்து கொடுக்கிறாளாமே. சும்மாதான் கொடுத்திருப்பாள்.

அவளைப் பார்க்க என்னை விட மாட்டீர்கள் என்று தெரியும். இதை மட்டும் சொல்லிவிடுங்கள். சும்மா யாருக்கும் கொடுக்க வேண்டாம். பத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். விலையை நான் சொல்கிறேன்.